வெள்ளை மீசை மட்டும்தான் தெரிந்தது: குகைப் பொந்தில் இருக்கும் துப்புரவு இறாலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆழிமகள் | ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை 34 டைவ் முடித்திருக்கிறேன். ஒரு வாரமாக மனதைவிட்டுப் போகாத ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு திருகோணமலையில், கோணேசர் கோயில் மலைக்கு நேர் கீழே இறங்கினோம். அங்கே அடியில் வீடு வீடாகப் பெரிய பாறைகள் உருண்டு கிடக்கின்றன. சுமார் 14 மீட்டரில் இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் குகை மாதிரி ஒரு குடைவு. வாசலில் நின்று டார்ச் அடித்தேன். உள்ளே இருட்டில் வெள்ளை நூல் மாதிரி நான்கைந்து இழைகள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வெள்ளை. கொஞ்சம் கிட்டே போனேன். எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. உடல் கண்ணில் படவே இல்லை.

படகில் ஏறியதும் கைடிடம் கேட்டேன். "ரத்தச் சிவப்பு இறால், ரொம்ப அபூர்வம்" என்றார். வீட்டுக்கு வந்து படங்களைத் தேடினால் மூன்று விதமாக வருகிறது. சிவப்பு உடலில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒன்று, முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் ஒன்று. மூன்றும் மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் துப்புரவு இறாலாம், மூன்றுக்கும் வெள்ளை மீசை! நான் பார்த்தது எது? அடுத்த மாதம் மறுபடி போகிறேன். முழு இறாலையும் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

திருமலைச் சுழியோடி | ஞாயிறு, இரவு 10:25

தங்கச்சி, அந்தச் சாய்ந்த பாறை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பதினைந்து வருடமாக அந்த மலையடியில் சுழியோடுகிறேன். நீங்கள் கண்டது பெரும்பாலும் பட்டை இறால். அறிவியலில் ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ் என்று 1811-இலேயே பதிவாகிவிட்ட பழைய ஆள். வெப்பக் கடல் எல்லாவற்றிலும், எங்கள் பக்கமும் கரீபியனிலும்கூட, இருக்கிறது. அபூர்வம் இல்லை. ஆனால் கண்டவர் குறைவு, ஏனென்றால் பகலில் அது பொந்தின் உள்பக்கத்தைவிட்டு வருவதில்லை.

ஏன் அதுவென்று சொல்கிறேன்: அந்த வெள்ளை மீசைகள் மொத்தம் ஆறு. உடல் ஐந்தாறு சென்ரிமீற்றர்தான், மீசை அதைவிட நீளம். உடலைப் பாறைக்குள் வைத்துக்கொண்டு மீசையை மட்டும் வாசலுக்கு நீட்டி ஆட்டும். போகிற மீனுக்கு அதுதான் விளம்பரப் பலகை: "இங்கே சுத்தம் செய்யப்படும்." நீங்கள் அதன் பலகையைக் கண்டீர்கள், கடைக்காரரைக் காணவில்லை.

இனி எப்படிப் பார்ப்பது. முதலில், தரையைத் தேடாதீர்கள். எல்லாரும் செய்யும் பிழை இது. இறால் என்றால் தரையில் நடக்கும் என்று மனதில் பதிந்திருக்கிறது. இது கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே குடைவின் வாசலுக்குச் சற்றுக் கீழே, தரையில் முட்டாமல் மிதந்துகொண்டு, மேலே பாருங்கள். கூரையும் பின்சுவரும் சேரும் மூலைதான் அதன் வீடு.

இரண்டாவது, நீங்கள் கிட்டே போனதுதான் அதைத் துரத்தியது. இரண்டு மீற்றரில் நின்றுவிடுங்கள். மூச்சை நீளமாக, மெதுவாக விடுங்கள். குமிழி கூரையில் போய் முட்டினால் எல்லாம் கலைந்துவிடும், ஆகவே தலையை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். நீருக்கு அடியில் மூன்று நிமிடம் நீளமான நேரம் என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே போன மீசை திரும்பி வரும், முதலில் ஒன்று, பிறகு மற்றவை, அதற்குப் பின்னால் கொடுக்கு.

கொடுக்கைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். நண்டு மாதிரி இரண்டு பெரிய கொடுக்குகள், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, உடம்பெல்லாம் சின்ன முட்கள். ஹிஸ்பிடஸ் என்ற சொல்லே அந்தச் சுணைக்காக வைத்ததுதான். மற்ற இரண்டு இறால்களுக்கும் இப்படிப்பட்ட கொடுக்கு கிடையாது.

இன்னொன்று. ஒன்றைக் கண்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இவை சோடியாக வாழ்பவை. மற்றது ஒரு மீற்றருக்குள் எங்கேயோ இருக்கும். பெரியது பெண்.

மாலே வாசி | திங்கள், காலை 7:40

திருமலை அண்ணா சொல்வதுதான் சரி. ஆனால் அந்தக் கைடு சொன்ன ரத்த இறாலைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் நான் கடலில் பார்த்ததிலேயே அழகான உயிர் அதுதான்.

பெயர் லிஸ்மாட்டா டெபெலியஸ். எத்தனையோ நூற்றாண்டுகளாக மனிதன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1983-இல்தான். ஹெல்முட் டெபெலியஸ் என்ற ஜெர்மன் நீரடிப் புகைப்படக்காரரைச் சிறப்பிக்க வைத்த பெயர். இவ்வளவு பளிச்சென்ற ஓர் உயிர் அவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்கு இரண்டு காரணம் என்று நினைக்கிறேன்: ஆழம், குகை.

நான் வேலை பார்க்கும் மாலத்தீவில் 'திலா' என்று சொல்வார்கள், கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் குன்று. அதன் விளிம்பில் 20 மீட்டருக்குக் கீழே நீளமான குடைவுகள் இருக்கும், கூரை முழுக்க மென்பவளம். அங்கேதான் முதல்முறை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதைவிட, பார்த்ததை அப்புறம்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். இருட்டில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் மிதந்தன. அதற்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி சின்னச் சின்னக் கால்கள். உடலே கிடையாது! டார்ச்சைத் திருப்பியதும் நடுவில் செம்பருத்திச் சிவப்பில் ஓர் இறால் நின்றது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீரில் முதலில் காணாமல் போவது சிவப்பு. பத்து மீட்டரைத் தாண்டினாலே மங்கிவிடும், இருபதில் சிவப்பு கறுப்பாகத் தெரியும். அதனால் இந்த இறாலின் சிவப்பு அதற்கு ஒரு போர்வை. வெள்ளை மட்டும் வெளியே தெரியும். மூன்று இறாலுக்கும் வெள்ளை மீசை இருப்பது எதற்காக என்று யோசித்தால், உடலை மறைத்துக்கொண்டு கடையை மட்டும் காட்டுகிற ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனவே ஆழிமகள், டார்ச் இல்லாமல் இந்தத் தேடலுக்குப் போகவே வேண்டாம். பட்டப்பகலிலும் எடுத்துச் செல்லுங்கள்.

நீலத்தடம் | திங்கள், மதியம் 1:15

டார்ச் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இப்போது பலர் வீடியோவுக்கென்று ஆயிரக்கணக்கான லுமென் விளக்கை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அதைப் பொந்துக்குள் நேராகத் திருப்பினால் எந்த இறாலும் நிற்காது. எந்த இறாலுக்கும் அது நல்லதும் இல்லை.

என் வழக்கம் இது. வெளிச்சத்தின் நடுவை வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் விழ விட்டு, ஓரத்தில் சிதறும் மங்கல் ஒளியை மட்டும் உள்ளே அனுப்புவேன். வெள்ளை மீசை தெரிய அதுவே போதும். அது நின்ற பிறகு மெல்ல மெல்ல நடுவை நகர்த்தலாம். டார்ச்சில் சிவப்பு விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. சிவப்பு வெளிச்சத்தில் அவை அவ்வளவு கலவரப்படுவதில்லை.

திருமலைச் சுழியோடி | திங்கள், மாலை 6:02

ஓரவெளிச்சம் பற்றி நீலத்தடம் எழுதியதை நானும் வழிமொழிகிறேன். நான் சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் சிவப்பு விளக்கில் இறாலின் சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரித் தெரிந்து பட்டையே மறைந்துவிடும். தேடுவதற்கு வெள்ளை ஓரவெளிச்சம், நின்று பார்ப்பதற்கும் கமெராவை நிதானப்படுத்துவதற்கும் சிவப்பு. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

கீழக்கரை மகன் | திங்கள், இரவு 8:48

எனக்கு சிலிண்டர் மாட்டிக் குளிக்கத் தெரியாது. என் அப்பா சங்கு குளித்தவர். இந்த இழையைப் படித்துவிட்டு அவரிடம் கேட்டேன், அதை எழுதுகிறேன்.

சிங்கி இறாலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "வங்குக்குள்ள அது தெரியாது. மீசைதான் தெரியும்." பாறை வங்குக்கு வெளியே இரண்டு மீசை நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் உள்ளே சிங்கி இருக்கிறதா, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். படத்தைக் காட்டினேன். பட்டை இறாலை உடனே அடையாளம் சொன்னார். அவர்கள் அதைப் பிடிப்பதில்லை, தின்ன என்ன இருக்கிறது அதில். ஆனால் அது தொங்குகிற வங்கில் கையை விடமாட்டார்களாம். "அதுக்குப் பின்னாடி அஞ்சாளை இருக்கும்" என்றார்.

டைவிங் செய்பவர்கள் அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சாளை என்பது பாம்பு மாதிரி நீளமான மீன், கடித்தால் பல் பின்பக்கம் வளைந்திருப்பதால் கையை உருவவும் முடியாது. அப்பாவின் வலதுகைக் கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

ஆழிமகள் | திங்கள், இரவு 10:30

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அஞ்சாளை என்ற பெயரே எனக்குப் புதிது, இத்தனை நாள் மோரே ஈல் என்றுதான் சொல்லிவந்தேன்.

ஒரு சந்தேகம். அஞ்சாளையும் களவாவும் இறால் தின்கிற மீன்கள்தானே? இதை ஏன் விட்டுவைக்கின்றன? அப்புறம், மீன்களைப் பார்த்து இறால் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா?

அலையெண் | செவ்வாய், காலை 11:20

கடல் உயிரியல் படிக்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி கொடுங்கள்.

மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டுண்ணிகள் இருக்கும். காயம் பட்டால் செத்த தசை இருக்கும். இறாலுக்கு அது சாப்பாடு, மீனுக்கு அது நிவாரணம். அதனால் இறாலை விழுங்குவதைவிட அதனிடம் உடலைக் காட்டி நிற்பது மீனுக்கு நல்லது. இப்படி மீன்களைச் சுத்தம் செய்வதாகப் பதிவான இறால் வகைகள் மட்டும் 50-க்கு மேல் இருக்கின்றன. எல்லா வகையும் ஒரே அளவுக்குச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ் முழுநேரத் தொழிலாளி மாதிரி. அஞ்சாளையின் வாய்க்குள்ளேயே போய்வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆமாம், மீனைப் பார்த்தே சொல்லலாம். நான் இறாலைத் தேடுவதைவிட மீனைத்தான் தேடுவேன். ஒரு களவா எந்த வேலையும் இல்லாமல் ஒரு பொந்தின் வாசலில் அசையாமல் நிற்கிறது, வாயைப் பாதி திறந்திருக்கிறது, செவுள் மூடி விரிந்திருக்கிறது என்றால், அங்கே யாரோ வேலை செய்கிறார்கள். சில மீன்கள் அந்த நேரத்தில் நிறமும் மாற்றும். கரீபியனில் அன்சிலோமெனெஸ் பெடர்சோனி என்ற கண்ணாடி இறாலை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: இறால் மீசையை வீசுகிறது, வந்த மீன் உடலைக் கருமையாக்குகிறது, அதைப் பார்த்துத்தான் இறால் ஏறி வேலையைத் தொடங்குகிறது. உண்மையான மீன் கூட வேண்டியதில்லை. திரையில் ஒரு கரும்பட்டையைக் காட்டினாலும் இறால் சுத்தம் செய்ய வந்தது.

ஏன் கருமை? நான் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்ட இடம் இதுதான். இந்தத் துப்புரவு இறால்களுக்கு நிறம் தெரியாது. கண்ணில் ஒரே வகை ஒளியுணர்வுதான். 2016-இல் சோதித்த இறால்களில் நம் வெள்ளைக்கோட்டு இறாலும் ஒன்று. அதாவது நாம் இவ்வளவு தூரம் போய் வியந்து பார்க்கிற அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் அதன் ஜோடி நிறமாகப் பார்த்ததே இல்லை. கருமை வெளுமை வித்தியாசம் தெரிந்தால் போதும். நீலத்தடம் சொன்ன சிவப்பு விளக்கும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியதுதான்.

இன்னொரு குகைவாசியையும் இங்கே சேர்க்கிறேன். ஊரோகாரிடெல்லா என்ற இனம். உடல் கண்ணாடி மாதிரி, மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டுகள், மூக்கு நுனியில் மஞ்சள். இது சுவரில் ஒட்டாமல் பொந்து வாசலில் மிதந்துகொண்டு இடமும் வலமுமாக ஆடும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது: பசியோடு இருக்கும் இறால் அதிகமாக ஆடுகிறது, வயிறு நிறைந்தது குறைவாக ஆடுகிறது, மீன்களும் ஆடுகிற இறாலிடம்தான் போகின்றன. ஆக, இருட்டுப் பொந்தில் நீரோட்டத்தோடு சேராமல் தனக்கென்று ஒரு தாளத்தில் ஆடும் பொட்டுகளைக் கண்டால் அது இதுவாக இருக்கலாம். பாசித் துணுக்கு நீரோடு ஆடும், இறால் தன் விருப்பத்துக்கு ஆடும்.

மாலே வாசி | செவ்வாய், மதியம் 12:05

நிறம் தெரியாது என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். நன்றி.

ஒரு சின்ன எச்சரிக்கை. பொந்துக்குள் டார்ச் அடித்ததும் நூற்றுக்கணக்கில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால்கள், கூனல் முதுகு, பெரிய கண்கள், கூட்டமாகப் பின்வாங்கினால் அவை துப்புரவு இறால் அல்ல. ரிங்கோசினெடெஸ், ஆடும் இறால் என்பார்கள். கூட்டமும் கூனலும்தான் அடையாளம், வெள்ளை மீசையும் இருக்காது. நிறையப் பேர் இதைப் படம் எடுத்துத் துப்புரவு இறால் என்று போடுகிறார்கள்.

பவளப்பொழுது | செவ்வாய், இரவு 9:33

இவ்வளவு சொன்னீர்கள், யாருமே கையை நீட்டுவதைப் பற்றிச் சொல்லவில்லையே? வெள்ளைக்கோட்டு இறால் இருக்கும் இடத்தில் கையுறையைக் கழற்றி, விரல்களைச் சேர்த்து அசையாமல் நீட்டினால், ஏறி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். இந்தோனேசியாவில் பாலியில் எனக்குச் செய்தது. அந்தக் குறுகுறுப்பை வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒளிந்திருக்கும் இறாலை வெளியே வரவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கீழக்கரை மகன் | செவ்வாய், இரவு 9:50

அஞ்சாளை!

திருமலைச் சுழியோடி | செவ்வாய், இரவு 10:41

பவளப்பொழுது, அந்த அனுபவம் உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று புரிகிறது. எனக்கும் ஒரு காலத்தில் நடந்தது. இப்போது நான் செய்வதில்லை, என்னோடு வருபவர்களையும் விடுவதில்லை.

அஞ்சாளை ஒரு காரணம். சிங்கமீன் இன்னொன்று, அதுவும் அதே குடைவின் கூரையில்தான் தலைகீழாக நிற்கும், முள்ளில் விஷம். ஆனால் இவற்றைவிட என்னைத் தடுப்பது வேறு. நம் கையில் சன்ஸ்கிரீன் இருக்கிறது. அதோடு, நாம் ஒரு பொந்தின் முன்னால் பத்து நிமிடம் கை நீட்டி நின்றால் அந்தப் பத்து நிமிடமும் எந்த மீனும் கிட்டே வராது. உண்மையில் அங்கே வர வேண்டிய நோயாளி வெளியே காத்திருக்கிறது. ஒரு சுழியோடி என்றால் பரவாயில்லை. பருவகாலத்தில் ஒரே பாறைக்கு நாளுக்கு நான்கு படகு வருகிறது.

இதைக் கேட்டு நீங்கள் கோபிக்கக்கூடாது. கையை நீட்டாமலே அது வெளியே வரும் என்பதுதான் நான் சொல்ல வருவது. நாம் பொறுத்தால் போதும்.

பவளப்பொழுது | புதன், காலை 6:55

கோபம் இல்லை அண்ணா. காத்திருக்கும் மீனை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதுதான்.

நீலத்தடம் | புதன், காலை 9:18

கை நீட்டுவதாவது இறாலின் விருப்பத்துக்கு விடுவது. நான் நேரில் கண்டு மனம் நொந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர், இடம் வேண்டாம். ஒரு கைடு, படம் எடுக்க வந்தவர்களுக்காக, உலோகக் குச்சியைப் பொந்துக்குள் விட்டு ஒரு பட்டை இறாலை வெளியே தள்ளினார். அது தன் பெரிய கொடுக்கு ஒன்றை அங்கேயே உதிர்த்துவிட்டு உள்ளே ஓடியது. உதிர்ந்த கொடுக்கு வெள்ளை மணலில் கிடந்தது. எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள்.

ஆபத்து வந்தால் காலை விட்டுவிட்டு ஓடுவது இவற்றின் தற்காப்பு. அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது மறுபடி முளைக்கும், முதலில் சின்னதாக, அப்புறம் பெரிதாக. அதனால் "முளைத்துவிடுமே" என்று சொல்லிவிடலாம். ஆனால் அதுவரை அது பாதி ஆயுதத்தோடு தன் வீட்டைக் காக்க வேண்டும். குச்சியால் குத்திக் காட்டுகிற கைடைப் பார்த்தால் அந்த இடத்திலேயே கையால் வேண்டாம் என்று சைகை காட்டுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள், கேட்பார்கள்.

அலையெண் | புதன், மாலை 5:27

குகை என்ற சொல் இந்த இழையில் நிறைய வந்துவிட்டது, அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

துப்புரவு இறால்களைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கான்ராட் லிம்பா. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் தலைமை டைவர், விஞ்ஞானிகளுக்கு டைவிங் சொல்லிக்கொடுத்தவர். நீருக்குள் மணிக்கணக்கில் இருந்து, எந்த மீன் எந்த இறாலிடம் வருகிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்தவர். 1960 மார்ச்சில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில், போர்மியூ என்ற இடத்தில் கடலுக்கடியில் திறக்கும் ஒரு நிலத்தடி ஆற்றுக் குகைக்குள் போனார். வழி தவறி, உள்ளேயே இறந்துபோனார். மீன்களைச் சுத்தம் செய்யும் இறால்கள் பற்றி அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 1961-இல் வெளிவந்தபோது அவர் இல்லை.

அவரைவிட நன்றாக டைவிங் தெரிந்தவர் நம்மில் யாரும் இல்லை. நாம் தேடுகிற இறால் பகல் வெளிச்சம் எட்டுகிற குடைவிலேயே, வாசலிலிருந்து ஒரு கை தூரத்திலேயே கிடைக்கும். அதற்காக யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. தலைக்கு மேலே பாறை, திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் இல்லை என்ற நிலை வருமானால் அது தனிப் பயிற்சியும் தனி உபகரணமும் வேண்டிய வேறு டைவிங்.

திருமலைச் சுழியோடி | புதன், இரவு 8:10

இது எனக்குத் தெரியாத செய்தி. மனம் கனத்துவிட்டது. தங்கச்சி, நீங்கள் பார்த்த குடைவுக்கு அந்தப் பக்கமும் ஒரு திறப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் நுழைய வேண்டாம். அடியில் வண்டல் இருக்கிறது. ஒரு தடவை ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டால் பால் கலக்கின மாதிரி ஆகிவிடும்.

தொட்டி மீனவன் | வியாழன், காலை 10:44

நான் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பட்டை இறால் ஜோடி ஏழு வருடத்துக்கு முன் இருந்தது. அவை ஒன்றை ஒன்று தெரிந்து வைத்திருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பெண்ணை நோய்க்காகப் பிரித்து வேறு தொட்டியில் வைத்து, இரண்டு நாள் கழித்துச் சேர்த்தபோது ஆண் சண்டைக்கு வரவே இல்லை, மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கி இடம் விட்டது. வேறொரு பெண்ணைக் காட்டியிருந்தால் கொடுக்கைத் தூக்கியிருக்கும். தன் ஜோடியை அந்நிய இறாலிலிருந்து பிரித்து அறிகிறது என்று 1977-லேயே ஆய்வாக எழுதிவிட்டார்கள் என்று பின்னால் படித்தேன். வெள்ளைக்கோட்டு இறாலும் ரத்த இறாலும் வேறு மாதிரி. முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக ஆகிவிடும். எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஜோடிதான்.

அந்தப் பெண் பச்சை நிறத்தில் முட்டை சுமந்தது. பொரிந்தது. குஞ்சுகளை வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன், ஒன்றும் நிற்கவில்லை. பட்டை இறாலின் குஞ்சுப் பருவம் நான்கிலிருந்து ஏழு மாதம்வரை நீளும், அதுவரை அவை நடுக்கடலில் மிதந்து திரிபவை. வளர்ப்பது அவ்வளவு கடினம் என்பதால் கடைகளில் விற்பவை பெரும்பாலும் கடலில் பிடித்தவைதான், இலங்கையிலிருந்தும் போகிறது. யாரோ ஒருவர் யாரோ ஒரு பாறையின் கூரையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்திருக்கிறார் என்பதை அன்றுதான் யோசித்தேன். அந்த ஜோடிக்குப் பிறகு நான் வாங்கவில்லை.

ஆழிமகள், உங்கள் பாறையில் இருந்தால் எனக்காக ஒரு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள்.

ஆழிமகள் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:20

எல்லாருக்கும்: பார்த்துவிட்டேன்!

நேற்றும் இன்றும் போனேன். நேற்று நீர் கலக்கல், அடியில் இழுப்பு வேறு, வாசலில் நிற்கவே முடியவில்லை. கைடிடம் (இவர் வேறொருவர்) நின்று பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இன்று காலை முதல் படகிலேயே கூட்டிப் போனார்.

அதே சாய்ந்த பாறை. வாசலுக்கு இரண்டு மீட்டர் தள்ளி, கொஞ்சம் கீழே மிதந்தேன். டார்ச்சின் நடுவைப் பக்கத்துப் பாறையில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. வாசலோரம் ஒரு களவா நின்றுகொண்டிருந்தது, நகரவே இல்லை. அலையெண் எழுதியது நினைவுக்கு வந்து, அந்தக் களவாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மெல்லத் திறந்தது. அதற்கு மேலே, கூரையில், ஒரு வெள்ளை இழை. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன், ஆறு. பிறகு கொடுக்கு வந்தது. பட்டை பட்டையாக, படத்தில் பார்த்ததைவிட ஆழமான சிவப்பு. ஏழெட்டு அடி எடுத்துவைத்துக் கூரையில் தலைகீழாகவே வாசல்வரை வந்து, மீசையால் களவாவின் முதுகைத் தொட்டது. களவா அசையவில்லை.

மற்றதைத் தேடினேன், திருமலை அண்ணா சொன்ன மாதிரி. பின்சுவர் மூலையில் இருந்தது. சின்னது, ஆண். அதன் ஒரு கொடுக்கு பெரிது, மற்றது அதில் பாதிகூட இல்லை, புதிதாக முளைத்துவருகிறது போல. எதனால் போனதோ.

மொத்தம் பதினொரு நிமிடம் நின்றேன். தொட்டி மீனவன் அண்ணா, அதில் ஒரு நிமிடம் உங்களுக்காக. பெண் வயிற்றுக்கடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது, முட்டையாகத்தான் இருக்க வேண்டும். படம் ஒன்றுதான் எடுத்தேன், ஃபிளாஷ் இல்லாமல். மங்கல்தான், ஆனால் ஆறு மீசையும் விழுந்திருக்கிறது.

தொட்டி மீனவன் | ஞாயிறு, இரவு 8:31

படித்தேன், இரண்டு தடவை. நன்றி அம்மா.

கீழக்கரை மகன் | ஞாயிறு, இரவு 8:52

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அஞ்சாளை இருந்ததா என்று கேட்கச் சொன்னார்.

ஆழிமகள் | ஞாயிறு, இரவு 9:04

இருந்தது! புறப்படும்போதுதான் கவனித்தேன். பின்சுவர் வெடிப்பில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, அந்த ஆண் இறாலுக்கு ஒரு சாண் தள்ளி.

திருமலைச் சுழியோடி | ஞாயிறு, இரவு 9:40

மிகவும் மகிழ்ச்சி தங்கச்சி. செப்ரெம்பர் முடிந்தால் கடல் பெருத்துவிடும், அதற்குள் இன்னும் இரண்டு மூன்று முறை போக முடியும். வரும் சனி நான் அந்தப் பக்கம் இறங்குகிறேன். அந்தச் சின்னக் கொடுக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவந்து எழுதுகிறேன்.